கிராஞ்சியிலிருந்து தாமதமாக வந்த படம்

மருத்துவமனைத் தாதி தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நோயாளி எத்தனை நிமிடத்தில் வந்து சேர்வார் என்பது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். பூன் லேயில் எங்கள் பட்டறையில், முன் இருக்கை கழற்றப்பட்ட ஓர் ஆம்புலன்ஸுக்குள் முழங்காலிட்டு ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. ஸ்ட்ரெச்சரை வெளியே எடுத்துச் சுவரோரமாக நிறுத்தியிருந்தோம். வண்டிக்குள் என்னைத் தவிர யாரும் இல்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ்களில் தகவல் தொடர்புக் கருவிகளைப் பொருத்தி, பழுது பார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கும். எங்கே போக வேண்டும், என்ன நடந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். பின்பக்கச் சுவருக்குள் ஒரு மோடம், கூரையில் ஓர் ஆன்டெனா. நோயாளியின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுக்கும் ஈசிஜி படம் அந்த மோடம் வழியாகத்தான் மருத்துவமனைக்குப் போகும். மாரடைப்பு என்றால், ஆளுக்கு முன்னால் படம் போய்ச் சேர வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர்களைக் கூப்பிட்டு, அடைப்பை நீக்கும் அறையைத் தயார்செய்வார்கள்.

பழைய மோடம்கள் 3ஜியில் ஓடுபவை. அந்தச் சேவை நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆம்புலன்ஸ் சேவை தன் வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எங்களிடம் அனுப்பத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு வண்டி. காலையில் வரும், மாலையில் புதுக் கருவியோடு போகும். பழைய கருவியில் உள்ள பதிவுகளை நகலெடுத்துப் புதியதில் ஏற்றுவோம். பிறகு ஒரு சோதனை முகவரிக்கு ஏதாவது ஒரு படத்தை அனுப்பிப் பார்ப்போம். போய்ச் சேர்ந்தால் முடிந்தது.

அன்று சோதனை முகவரிக்கு மாற்ற நான் மறந்துவிட்டேன். பழைய கருவியின் ஒரு மூலையில், அனுப்பப்படாமல் நின்றுபோன ஒரு படம் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. புதிய மென்பொருள் அதைக் கண்டுபிடித்து, தன் வேலை என்று நினைத்து, மருத்துவமனைக்கே அனுப்பிவிட்டது. திரையில் பச்சை அடையாளம் வந்தது. கருவி ஓடுகிறது என்ற திருப்தியோடு நான் அடுத்த ஒயரை எடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. தாதி ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டு அறை, வண்டி பட்டறையில் இருப்பதாகச் சொல்லி அவரை என்னிடம் இணைத்திருந்தது. அவர் அதை நம்பவில்லை.

"ஆண். முப்பத்து நான்கு வயது. உங்கள் வண்டியிலிருந்து ஈசிஜி வந்திருக்கிறது. பெரிய அடைப்பு. டாக்டர்களை அழைத்துவிட்டோம். எத்தனை நிமிடம் ஆகும்?"

"இந்த வண்டியில் யாரும் இல்லை" என்றேன்.

"யாரும் இல்லையென்றால் இது யாருடைய ஈசிஜி?"

 படத்தின் மேல் மூலையில் தேதி இருக்கும், பாருங்கள் என்றேன். மறுமுனையில் காகிதம் நகரும் சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் யாரோ, அறையைப் பிடித்து வைக்கவா என்று கேட்டார்கள்.  தாதி தேதியை மெதுவாகப் படித்தார். நாளும் மாதமும் படித்துவிட்டு ஆண்டில் வந்து நின்றுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம் அது.

நான் மன்னிப்புக் கேட்டேன். சோதனையின்போது தவறுதலாகப் போய்விட்டது என்று விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவர் என்ன ஆனார்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அவர் இணைப்பைத் துண்டித்தார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு மருத்துவமனையில், அந்த மனிதருக்காக ஒரு படுக்கையை விரித்து, டாக்டர்களைக் கூப்பிட்டு, வாசலைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் வந்தபோது அப்படி யாராவது காத்திருந்தார்களா என்று எனக்குத் தோன்றியது. படம் அனுப்பப்படாமல் கிடந்தது என்றால், காத்திருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மேலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், சீனர், கத்திப் பேசத் தெரியாதவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, இரண்டு வரி அறிக்கை போதும் என்றார். பழைய தரவு தவறுதலாக அனுப்பப்பட்டது, இனி முகவரியை இருவர் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான். நோயாளியைப் பற்றி விசாரிக்க நமக்கு உரிமை இல்லை என்றும் சொன்னார். அது சரிதான்.

ஆனால் அறிக்கை எழுத, அந்தப் படம் ஏன் அங்கே கிடந்தது என்று பார்த்தாக வேண்டும். கருவியின் பதிவேட்டைத் திறந்தேன். பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, நேரம், வண்டி நின்ற இடம் மட்டும்தான். தீவின் வடக்கு ஓரத்தில், கிராஞ்சியில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியின் வாசலில் பதிவு தொடங்கியிருந்தது. அனுப்பு என்று ஒருமுறை அழுத்தப்பட்டிருந்தது. போகவில்லை. மறுபடியும் அழுத்தப்பட்டிருந்தது. மறுபடியும். விடுதியிலிருந்து வெளியே வரும் சாலையில் நான்கு முறை. விரைவுச்சாலைக்கு ஏறிய பிறகு, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், மேலும் மூன்று முறை. அதற்குள் மோடம் உறைந்துபோயிருந்தது. அந்தப் பழைய ரகத்துக்கு அப்படி ஒரு கோளாறு உண்டு. சிக்னல் விட்டு விட்டுப் போனால் அப்படியே செத்து நின்றுவிடும்; அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். ஓடும் வண்டியில், நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மொத்தம் ஏழு முறை. கடைசி முறைக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடையே மூன்றே நிமிடம்.

அறிக்கையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பதிவேட்டின் நகலை அழிக்க மனம் வரவில்லை. ஆங் மோ கியோவில் உள்ள வீட்டுக்குத் திரும்ப எம்ஆர்டி ரயிலில் நின்றபோது, அந்தத் தாதியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை நிமிடம் ஆகும்? பல நாள்களுக்கு அது நிற்கவில்லை. குளிக்கும்போது கேட்டது. தொழுகையில் நிற்கும்போதும் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து, புதுக் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பட்டறைக்கு வந்தார்கள். சிறு சிறு குழுவாக வருவார்கள். நான் ஒரு வண்டியில் நின்று சொல்லிக்கொடுப்பேன். அவர்களில் ஒருவர் தமிழ்ப் பெண். முப்பதுகளின் நடுவில் இருப்பார். முதலுதவி செய்து நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பேராமெடிக். சீருடைக் காலருக்குள் ஒரு சிறு சிலுவை தெரிந்தது. எல்லோரும் ஒருமுறை படத்தை அனுப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அவர் மட்டும் அனுப்பியதும், தன் கைத்தொலைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். மறுபடியும் அனுப்பச் சொன்னேன். அப்போதும் படம் பிடித்தார்.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன பிறகு கேட்டேன். "எதுக்கும்மா போட்டோ?"

"பழக்கமாயிடுச்சுண்ணே. ப்ரூஃப் வச்சுக்குவேன்."

"எதுக்கு ப்ரூஃப்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ஒரு கேஸ்ல நான் அனுப்பவே இல்லன்னு ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் இருக்கும். கிராஞ்சி டார்ம்ல."

நான் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.  அவரே சொன்னார். பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து, ஸ்ட்ரெச்சர் இருக்க வேண்டிய வெற்று இடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு சண்டே. துணி துவைச்சுட்டு இருந்தாராம். நெஞ்சு வலி. வண்டில ஏத்தி ஈசிஜி எடுத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் தமிழ்ல பேசினதும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. 'அக்கா, ஒண்ணும் ஆவாதுல்ல'ன்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகாது தம்பின்னேன்."

"அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன்னுதான் நெனச்சேன். ஹாஸ்பிட்டலுக்குப் போன் போட்டேன், கட்டாயிட்டே இருந்துச்சு. எக்ஸ்பிரஸ்வே வந்தப்புறம்தான் லைன் கெடச்சுது. படத்த அனுப்புங்க, பாக்கறோம்னாங்க. மறுபடி அழுத்தினேன். அங்க போய் இறங்கினா யாருக்கும் எதுவும் தெரியல. சண்டேன்னால டாக்டருங்க வீட்ல இருந்து வரணும். திரும்பவும் ஈசிஜி எடுத்து, அப்புறம் கூப்பிட்டு, அவங்க வந்து சேர்றதுக்குள்ள…"

அவர் காலருக்குள் இருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டார். 

"விசாரிச்சாங்கண்ணே. சர்வரத்தான் பாத்தாங்க. அதுல ஒண்ணுமே வரல, ஒரு தடவகூட முயற்சி பண்ணினதா ரெக்கார்ட் இல்லன்னாங்க. பதட்டத்துல அழுத்தாம விட்டிருக்கலாம்னு எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். ஏன்னா எனக்கே நிச்சயமா சொல்ல முடியல. ஒரு கை அவர் மேல இருந்துச்சு. அழுத்தினது ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகத்த நம்ப முடியுமா? இப்ப வீட்ல கேஸ் அணைச்சேனான்னுகூட மூணு தடவ பாக்கறேன்."

நோயாளியைப் பற்றி விசாரிக்க உரிமை இல்லை என்று மேலாளர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அழுத்தினீங்க" என்றேன். "ஏழு தடவ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேசையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்து பதிவேட்டைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழாவது வரிக்கு வந்ததும் மீண்டும் மேலே போய் முதல் வரியிலிருந்து தொடங்கினார். அழவில்லை. எழுந்து வெளியே போய், வெயிலில், பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப ஏண்ணே போகல?"

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நல்ல மனதோடுதான் அப்படிச் சொன்னேன். அந்தப் பழைய மோடம்களைப் பொருத்தியபோது ஒவ்வொரு வண்டியையும் தீவு முழுக்க ஓட்டிப் பார்த்து, எந்தச் சாலையில் சிக்னல் எப்படி என்று தாளில் குறித்திருந்தோம். அவை ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. கிராஞ்சிச் சாலைக்கான தாளை எடுத்தேன். பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் நன்று, நன்று, நன்று. கீழே கையெழுத்து.

என் கையெழுத்து.

தாளைப் பார்த்த பிறகுதான் அந்த நாள் எனக்கு நினைவு வந்தது. நோன்பு மாதம். மழை. நாற்றங்கால்களைத் தாண்டிப் போகும் சாலையில் எட்டு இடங்களில் நிறுத்தி அளந்திருந்தேன். அதற்கப்புறம் சாலை குறுகி, ஒரு வளைவில் திரும்பி, விடுதிகளை நோக்கிப் போகிறது. அந்த வளைவில் வண்டியை நிறுத்தி நேரம் பார்த்தேன். ஆங் மோ கியோவுக்குப் போய் மனைவி மக்களோடு நோன்பு திறக்க வேண்டும் என்றால் அப்போதே திரும்பினால்தான் உண்டு. எட்டுக் கட்டமும் நன்றாக இருக்கும்போது மீதி நான்கு மட்டும் கெட்டுவிடுமா? வண்டியைத் திருப்பினேன். விளக்குச் சந்திப்பில் நின்றபோது, மடியில் தாளை வைத்து மீதி நான்கையும் நிரப்பினேன்.

பதிவேட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் நான்கு முயற்சிகளும் நான் போகாத அந்த நான்கு கட்டங்களுக்குள் இருந்தன.

அலமாரியை மூடினேன். தாளை வெளியே எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இன்று தெரிகிறது. வேறு யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

பத்து நாள் அது என் பையில் இருந்தது. அந்தப் பெண் ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினார்: அண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சுதா? இன்னும் பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அந்த நாள்களில் விரைவுச்சாலையில் லாரிகளின் பின்தட்டில் உட்கார்ந்து போகும் தொழிலாளர்களைப் பார்க்க முடியாமல் பேருந்தில் மறுபக்க இருக்கையைத் தேடினேன். யாராவது ஒருவர் எப்போதும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. களைப்பில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டு போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மீனும் கறிவேப்பிலையும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மனைவி எழுதிக் கொடுத்திருந்தார், மறுக்கக் காரணம் இல்லை. தேக்கா சந்தையிலிருந்து வெளியே வந்தால், புல்வெளி முழுக்க ஆள்கள். எல்லார் கையிலும் தொலைபேசி. திரைகளில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். சத்தமாகப் பேசினார்கள், சிரித்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கேமராவுக்குக் காட்டினார்கள். ஒரு படமும் நடுவில் நிற்கவில்லை. முப்பத்து நான்கு வயது என்றால் எப்படி இருப்பார் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிப் பேருக்கு அந்த வயதுதான் இருக்கும்.

ஒருவர் என்னிடம் வந்தார். மெலிந்த ஆள், கையில் அரிசிப் பையும் ஒரு புது வாளியும்.

"அண்ணே, கிராஞ்சி போற லாரி எங்க நிக்கும்? எடத்த மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க."

அவரோடு நடந்தேன். எனக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். வழியில் கேட்டேன். "அங்க போன்லாம் நல்லா எடுக்குதா?"

"ரூம்ல எடுக்கும்ணே. கேட் தாண்டி ரோட்டுக்குப் போனா கட்டாயிடும். அந்த வளைவு வரைக்கும் ஒண்ணும் கெடைக்காது. லாரில போறப்போ வீட்டுக்குப் பேசிட்டு இருந்தா, முன்னாடியே சொல்லி வச்சிருவோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்னண்ணே. நான் வந்தே எட்டு மாசம்தான் ஆவுது. எனக்கே தெரியுது."

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒருவர் நெஞ்சு வலியில் இறந்தாரே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் அந்தக் கட்டிலில் இருந்தவர்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். லாரி வந்தது. வாளியை முதலில் மேலே கொடுத்துவிட்டு ஏறினார். எனக்கு நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறிவேப்பிலையை உருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் நோன்பு திறக்க வந்ததைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் கை நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா அது நெனச்சுட்டு இருக்கு, நீங்க பத்து நாளா தாள ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றார். மறுபடியும் கறிவேப்பிலையை உருவத் தொடங்கினார்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கு வேலை முடிந்ததும் பூன் லே காப்பிக்கடையில் சந்தித்தோம். பால் இல்லாத தே-ஓ இரண்டு வாங்கி வந்து வைத்துவிட்டு, தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். எட்டு வரைக்கும் போனேன், இந்த நாலும் போகாம எழுதினது என்று விரலால் காட்டிச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். மழை என்று சொல்லத் தொடங்கி, அது பொய் என்று பட்டதால் நிறுத்தி, நோன்பு திறக்க வீட்டுக்குப் போகணும்னு திரும்பிட்டேன் என்றேன்.

அவர் அந்த நான்கு கட்டங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"போயிருந்தீங்கன்னா?"

"சிக்னல் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். மோடம் உறைஞ்சு போறதும் தெரிஞ்சிருக்கும். ஆன்டெனாவ மாத்திப் பாத்திருப்போம். ஒண்ணும் முடியலன்னாலும், இந்த ரோட்ல படம் போகாது, வளைவு தாண்டினதும் மோடத்த அணைச்சுப் போடுங்கன்னு உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்போம்."

"அவர் பொழைச்சிருப்பாரா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது" என்றார். "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். டாக்டர் ஒருத்தர் அப்பவே என்கிட்ட சொன்னாரு, ரொம்பப் பெரிய அடைப்புன்னு." தேநீரைத் தொடவில்லை. "நான் உங்கள ஒண்ணும் சொல்லப்போறதில்லண்ணே. ஆனா பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியாது."

"நான் எதிர்பாக்கல."

"இத ரிப்போர்ட்ல எழுதுங்க. என் ஃபைல்ல இருக்கற அந்தக் கடுதாசி போகணும்."

எழுதினேன். இந்த முறை இரண்டு வரி அல்ல, ஐந்து பக்கம். பதிவேட்டையும் தாளையும் இணைத்தேன். மேலாளர் படித்துவிட்டு கதவைச் சாத்தினார். இதைக் கொடுத்தால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உண்மையில் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை நான் நிறுத்தி வைக்க முடியாது, அதுவும் உனக்குத் தெரியும் என்று சொல்லி மேலே அனுப்பினார்.

விசாரணை சில மாதம் நடந்தது. இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்து, ஆறு மாதம் வெளிவேலைக்கு அனுப்பாமல் பட்டறை மேசையில் உட்காரவைத்தார்கள். வேலையே போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை என்றதும் வந்த நிம்மதி எனக்கே வெட்கமாக இருந்தது. பழைய தாள்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, புதுக் கருவிகளோடு எல்லாச் சாலைகளையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க உத்தரவு வந்தது. வேறு சில சாலைகளிலும், வேறு சிலரும், போகாமலே எழுதியிருந்தது அப்போது தெரியவந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்தப் பெண்ணின் கோப்பிலிருந்து பழைய கடிதம் எடுக்கப்பட்டது. படத்தை அனுப்ப அவர் முறையாக முயன்றார், கருவியால் அனுப்ப முடியவில்லை என்று புதுக் கடிதம் வைக்கப்பட்டது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை என்று அவர் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வெளிவேலை கிராஞ்சிச் சாலை. மேலாளர் வேண்டுமென்றே கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. பரிசோதனைக்கு ஊழியர் ஒருவர் கூட வர வேண்டும். அந்தப் பெண் தானாகப் பெயர் கொடுத்திருந்தார். ஓட்டுநர் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். நாற்றங்கால்கள், தவளைப் பண்ணை, சேற்றில் நிற்கும் லாரிகள். எட்டாவது இடம் தாண்டி, வளைவில் திரும்பினோம். வாழ்நாளில் முதல் முறையாக அந்தச் சாலைக்குள் போனேன். வெறும் சாலைதான். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், ஒரு வடிகால், வேலியில் காயப்போட்ட ஒரு சட்டை. நடந்தே போயிருந்தால்கூட பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.

விடுதி வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். அவர் படத்தை அனுப்பினார். திரையில் சிக்னல் கோடுகள் ஒன்றொன்றாகக் குறைந்தன. புதுக் கருவியில் இரண்டு சிம் உண்டு; முதல் சிம் விட்டுவிட்டது. இரண்டாவது சிம் தேடிக்கொண்டே இருந்தது. ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொன்னேன். ஓர் இடத்தில் இரண்டுமே இல்லை. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அவர் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாரா, ஜெபிக்கிறாரா தெரியவில்லை. வளைவுக்குச் சற்று முன்னால் பச்சை அடையாளம் வந்தது.

"போயிடுச்சு" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

மூன்று முறை திரும்பத் திரும்ப ஓட்டினோம். சிக்னல் இல்லாத அந்தத் துண்டைத் தாளில் சிவப்பில் குறித்தேன். இங்கே படத்துக்குக் காத்திருக்காதீர்கள், வாசலை விட்டுக் கிளம்பும் முன்பே விடுதியின் தொலைபேசியிலிருந்து மருத்துவமனையை அழையுங்கள் என்று எழுதினேன். அவர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

திரும்பி வரும் வழியில் ஓட்டுநர் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக்குப் போனார். அப்போது அந்தப் பெண் சொன்னார், நவம்பரில் அவர்கள் மாதா கோவிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்களாம். பெயர்களை எழுதிக் கொடுப்பார்களாம். இரண்டு வருடமாக அந்த மனிதரின் பெயரை அவர் எழுதிக் கொடுக்கிறாராம்.

"பேரு சொல்லட்டுமாண்ணே? சொல்லக்கூடாதுதான். ஆனா நீங்க கேட்டா சொல்வேன்."

"வேணாம்மா" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஓட்டுநர் வந்துவிட்டார்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். விதிமுறையை மதித்து அல்ல. பெயர் தெரியாத வரைக்கும், அவர் வயதும் இடமும் நேரமும் மட்டுமாகவே இருந்தார். பெயர் வந்தால் வீடு வரும், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வருவார்கள் என்று பயந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கையேந்தும்போது அவருக்காகக் கேட்க நினைப்பேன். யாருக்காக என்று சொல்லத் தெரியாமல் கையை இறக்கிவிடுவேன். பல வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின.

போன மாதம் ஒரு மத்தியானம், பட்டறையில் யாரும் இல்லாதபோது, அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நலம் விசாரிக்கவில்லை. "அந்தப் பேரச் சொல்லுங்கம்மா" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சொன்னார். தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எழுதாதீங்க, ஞாபகம் வச்சுக்குங்க என்றார். சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொன்னேன். ஓர் எழுத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன். அவர் திருத்தினார். மறுபடியும் சொன்னேன்.